எதுக்கு சார் பானை?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு ஃப்ரிஜ் ஒரு தடவை செருமிவிட்டு மௌன விரதம் பூண்டது. மெக்கானிக் வந்தார். பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். "கம்ப்ரஸர் போயிடுச்சு சார்" என்றார், ஏதோ அது காசிக்குப் போன மாதிரி. திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு நானே ஏ.ஸி. கோச்சில் காசிக்குப் போய்விட்டு வந்திருக்கலாம்.

அப்பா ஈஸிசேரில் இருந்தபடியே தீர்ப்பு சொன்னார்.

"ஒரு மண் பானை வாங்கிட்டு வா. எழுபத்தெட்டு வயசு ஆகுது. நான் குடிச்ச தண்ணியில முக்கால்வாசி பானைத் தண்ணிதான். எனக்கு எந்தக் கம்ப்ரஸரும் போகலை."

பானைக்காகக் கடைக்குப் போவதா, இந்தக் காலத்தில்? செல்போனில் இரண்டு தட்டு தட்டினேன். நாலாம் நாள் டப்பா வந்தது. மேலே 'உடையும் பொருள், ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தார்கள். ஜோசியம் அப்படியே பலித்திருந்தது. நான் ஆர்டர் செய்தது ஒரு பானை. வந்தது பதினேழு. பதினேழும் அதே பானையின் துண்டுகள்!

அப்பா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேசாம கீழடிக்கு அனுப்பிடு. ஒட்டிப் பார்த்து, எந்தக் காலத்துப் பானைன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

அதற்கு மேல் தாங்குமா தன்மானம்? சனிக்கிழமை காலையில் கொசப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

★

சென்னையில் புரசைவாக்கத்துக்கும் ஓட்டேரிக்கும் பக்கத்தில் இருக்கிறது கொசப்பேட்டை. குயவர்கள் குடியிருந்த பேட்டை. பெயரே அப்படி வந்ததுதான். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் போனால் தெருவெல்லாம் பிள்ளையார். நவராத்திரிக்கு முன்னால் போனால் செட்டியார் பொம்மையும் தசாவதாரமும் நம்மை வழிமறிக்கும். மே மாதத்தில் போனால் பானை.

நான் போன கடைக்கு போர்டு கிடையாது. கேட்டால், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம். போர்டு எதுக்கு?" என்கிறார் கடைக்காரப் பெரியவர். அறுபத்தைந்து வயசு இருக்கும். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. துண்டு வியர்வை துடைக்க இல்லை, பானை துடைக்க.

கடை என்றால் ஏதோ ஷோரூம் என்று நினைத்துவிடாதீர்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் மண். பானை, சட்டி, குடம், கலயம், மூடி, மடக்கு, அகல், தூபக்கால், உண்டியல், தயிர்ச் சட்டி, மீன் சட்டி, பணியாரச் சட்டி, பூந்தொட்டி. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற மாதிரி ஒரு சந்து. என் வயிற்றின் சுற்றளவை அந்தச் சந்து ஈவு இரக்கமில்லாமல் எனக்குச் சுட்டிக்காட்டியது.

"பேக்கை முன்னாடி மாட்டிக்குங்க சார். பின்னாடி கண்ணு இல்ல பாருங்க" என்றார் பெரியவர்.

ஆபீஸ் பேக்கை குழந்தை மாதிரி முன்னால் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"ஒரு பானை வேணும்."

"எதுக்கு சார்?"

எனக்குச் சுருக்கென்றது. ஜவுளிக் கடையில் போய் சட்டை கேட்டால் 'எதுக்கு?' என்றா கேட்கிறார்கள்?

"பானை எதுக்கு வாங்குவாங்க?" என்றேன், கொஞ்சம் விறைப்பாக.

பெரியவர் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினார். "தண்ணிக்கு வாங்குவாங்க. சோறாக்க வாங்குவாங்க. மீன் குழம்புக்கு, தயிர் உறைக்க. பொங்கலுக்கு வாங்குவாங்க. கல்யாணத்துக்கு அரசாணிப் பானை. செடி வெக்க. புதுசா இப்போ பானை பிரியாணிக்கு. அப்புறம்..." என்று நிறுத்தி, "உங்களுக்கு எதுக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"தண்ணிக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று முகம் மலர்ந்து ஒரு பானையை இறக்கினார்.

★

பானை வாங்குவது ஒரு தனிக் கலை. நம்மில் பாதிப் பேருக்கு அது அப்பாவோடு நின்றுவிட்டது. எனக்குப் பெரியவர் நடத்திய பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன், ஃபீஸ் வாங்காமல்.

முதல் பாடம், தட்டுவது. நடுவிரலை மடக்கி, முட்டியால் பானையின் வயிற்றில் ஒரு தட்டு. 'ணங்' என்று கோயில் மணி மாதிரி கேட்டால் நன்றாக வெந்த பானை, விரிசல் இல்லை. 'டப்' என்று நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கேட்டால் எங்கேயோ மயிரிழை விரிசல், அல்லது வேக்காடு போதாது. டாக்டர் முதுகில் தட்டிப் பார்க்கிறாரே, கிட்டத்தட்ட அதே வைத்தியம்.

நானும் தட்டினேன். எனக்கு எல்லாப் பானையும் ஒரே மாதிரிதான் கேட்டது.

"சார், நீங்க கதவைத் தட்டற மாதிரி தட்டறீங்க. உள்ளே யாரும் இல்ல" என்றார் பெரியவரின் பேரன். பிளஸ் டூ படிக்கிறானாம். வாய் மட்டும் டிகிரி முடித்துவிட்டது.

"இந்தச் சத்தத்தை வெச்சுத்தானே சார் கச்சேரியே நடக்குது" என்றார் பெரியவர். உண்மைதான். வைகைக் கரையில் இருக்கிற மானாமதுரையில் குடிக்கிற தண்ணீருக்கும் பானை செய்கிறார்கள், கச்சேரிக் கடமும் செய்கிறார்கள். கடம் சாதாரணப் பானையைவிடக் கனம், சுவரும் தடிமன். எந்தச் சுருதி என்பது செய்யும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். வீணை மாதிரி முறுக்கிச் சரிசெய்ய அதில் பிரடை கிடையாது. அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் என்கிற அம்மையாருக்கு சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்திருக்கிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த 'பிளானட் டிரம்' இசைத்தட்டு 1992-ல் கிராமி விருதே வாங்கியது. மண் பானைக்கு அமெரிக்காவில் கைதட்டல். நம் வீட்டில்தான் பரண்!

இரண்டாவது பாடம், பளபளப்பைக் கண்டு மயங்காதே. நான் ஒரு பானையைக் காட்டினேன். செக்கச்செவேல் என்று, மேலே மஞ்சள் பூப்போட்டு, ஷாம்பு விளம்பரத்துப் பெண்ணின் கூந்தல் மாதிரி மின்னியது.

"அது வரவேற்பறையில வெச்சுக்க சார். பெயின்ட் அடிச்சா பானைக்கு எப்படி வேர்க்கும்? வேர்த்தாத்தானே தண்ணி குளிரும்!"

பெரியவர் ஒரே வரியில் சொன்னதை நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் படித்திருக்கிறோம். பானையின் சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரம். அது வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. பத்து லிட்டர் பானையிலிருந்து ஒரு அரை டம்ளர், அதாவது நூறு மில்லி, ஆவியானால் போதும். கணக்குப்படி மீதித் தண்ணீரின் சூடு ஐந்தாறு டிகிரி இறங்க வேண்டும். வெளியிலிருந்தும் சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். கரன்ட் பில் பூஜ்யம். கம்ப்ரஸர் காசிக்குப் போகாது. பெயின்டோ வார்னிஷோ அடித்தால் துவாரமெல்லாம் அடைந்து, பானை வெறும் பாத்திரமாகிவிடும். பீங்கான் ஜாடியில் தண்ணீர் குளிராததும் இதனால்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் பெரியவர் மறைக்கவில்லை. "மெட்ராஸ்ல மதுரை அளவுக்குக் குளிராது சார்." காரணம் நம் கடற்கரை. சென்னைக் காற்றே குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்த மாதிரி ஈரமாக இருக்கிறது. அது இன்னும் எவ்வளவு ஈரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும்? அதனால் பானையை அலமாரிக்குள் பூட்டி வைக்காமல், வெயில் படாமல் காற்று ஓடுகிற ஜன்னலோரத்தில் பிரிமணை மேலோ மணல் மேலோ வைக்க வேண்டும்.

மூன்றாவது பாடம், பழக்குவது. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சமையல் சட்டி என்றால் ஊறவைத்த பிறகு வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சி இறக்க வேண்டும். கஞ்சியின் பசை துவாரங்களில் போய் உட்கார்ந்து கசிவைக் குறைக்கும். எடுத்த எடுப்பில் பெருந்தீ கூடாது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோப்புப் போட்டுத் தேய்க்கவே கூடாது. சட்டி சோப்பையும் குடித்துவிட்டு, அடுத்த நாள் குழம்பில் திருப்பித் தரும்!

"இண்டக்‌ஷன் அடுப்புல வெக்கலாமா?" என்று, மனைவி கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

"வெக்கலாம் சார், அழகா இருக்கும். சூடுதான் ஆகாது" என்றான் பேரன்.

★

பாடம் முடிந்தது. விலைக்கு வந்தோம்.

"முந்நூத்தி அம்பது."

"இருநூறு" என்றேன். காய்கறிக் கடையில் அம்மாவிடம் கற்றது: பாதியில் ஆரம்பி, முக்காலில் முடி.

"சார், மண்ணுதானேன்னு நெனைக்கறீங்க."

அதைத்தான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"மண்ணை ஏரியிலேர்ந்து எடுக்கணும். அதுக்கே முன்னாடி அலையா அலையணும். இப்போ தாசில்தார் ஆபீஸ்லயே அனுமதி வாங்கலாம்னு 2024-ல மாத்தினாங்க. எடுத்த மண்ணைக் காய வெச்சு, சலிச்சு, தண்ணி விட்டு, மிதிச்சுப் பதமாக்கணும். அப்புறம்தான் சக்கரம். சக்கரத்துலேர்ந்து வரும்போது பானைக்கு அடி கிடையாது, தெரியுமா?"

"அடி இல்லாத பானையா?"

"ஆமா. கொஞ்சம் ஈரம் இழுத்ததும் உள்ளே கல்லை வெச்சு, வெளியே பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடுவாங்க. தட்டித்தான் சார் பானை பொறக்குது. அதனாலதான் தட்டிப் பார்த்து வாங்கறோம். அப்புறம் நிழல்ல காயணும். சூளையில வேகணும். நடுவுல ஒரு மழை பெஞ்சா மொத்தமும் மறுபடி மண்ணு. வெந்து வர்றதுல எத்தனை பொழைக்குதோ அதான் கணக்கு. அதுக்கப்புறம் வைக்கோல் சுத்தி, லாரி ஏத்தி, நம்ம ரோட்டு மேடு பள்ளத்தையெல்லாம் தாண்டி இங்க வரணும்."

பதினேழு துண்டு ஞாபகம் வந்தது. ஆனாலும் பேரம் என்பது ஒரு கௌரவப் பிரச்னை அல்லவா?

"இருநூத்தி முப்பது. பிரிமணையும் சேர்த்து."

"முந்நூத்தி நாப்பது. பிரிமணை தனி."

கீழடி ஞாபகம் வந்தது. "ஐயா, கீழடியில ரெண்டாயிரம் வருஷத்துப் பானையே கிடைக்குது. உங்க பானை எத்தனை வருஷம் வரும்?" என்று மடக்கினேன்.

"அது மாதிரி புதைச்சு வெச்சா இதுவும் வரும் சார்!"

இந்த ரவுண்டு அவருக்கு. கீழடியில் முதலில் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. பிறகு மாநிலத் துறை தொடர்ந்தது. 2019-ல் வெளியான அறிக்கை அந்த ஊரின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்றெல்லாம் தமிழில் பெயர் கீறியிருக்கிறது. நாம் ஆபீஸில் டிபன் பாக்ஸில் பெயர் எழுதி வைக்கிறோமே, அதே சந்தேகம் அந்தக் காலத்திலும் இருந்திருக்கும் போல!

"சரி, இருநூத்தி ஐம்பது. கடைசி" என்று சொல்லிவிட்டு, பானையில் ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று மறுபடி தட்ட விரலை மடக்கினேன்.

அப்போதுதான் அந்தப் பையன் உள்ளே வந்தான்.

★

இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். கசங்கின முழுக்கைச் சட்டை. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நைட் ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சந்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். பெரியவரைப் பார்த்தான். "ஒரு... அப்பாவுக்கு..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

பெரியவர் 'எதுக்கு?' என்று கேட்கவில்லை.

எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கடையின் பின்பக்கம், நான் இவ்வளவு நேரம் கவனிக்காத ஒரு ஓரத்துக்குப் போனார். அங்கே தனியாக ஒரு வரிசை இருந்தது. ஒரு குடம் எடுத்தார். ஒரு சின்னச் சட்டி எடுத்தார். தட்டிப் பார்க்கவில்லை. பேப்பர் சுற்றினார்.

பையன் கை நீட்டினான். பெரியவர் கொடுக்கவில்லை. பேரனைக் கூப்பிட்டார்.

"தம்பி கூடப் போய் வீட்டுல பெரியவங்க யார் கையிலயாவது குடுத்துட்டு வா. தம்பி கையில குடுக்காத."

இவ்வளவு நேரம் வாயாடிய பேரன் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டான். பையன் செல்போனை எடுத்து, ஸ்கேன் செய்கிற அட்டை எங்கே இருக்கிறது என்று தேடினான். கை நடுங்கியது.

"அதெல்லாம் இப்ப வேணாம்பா. பதினாறு முடியட்டும். அப்புறம் வா. தண்ணி குடிச்சியா?"

பையன் தலையை ஆட்டினான், இல்லை என்று. கடை வாசலில் இருந்த பானையிலிருந்து பெரியவரே ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தார். மடமடவென்று குடித்தான். இரண்டு பேரும் தெருவில் இறங்கிப் போனார்கள்.

என் விரல் இன்னும் மடங்கியபடியே பானைமேல் இருந்தது. மெல்ல எடுத்துக்கொண்டேன்.

"தெரிஞ்ச பையனா ஐயா?"

"மூணாவது தெரு. இவங்க அப்பா கல்யாணத்துக்கு அரசாணிப் பானை எங்க அப்பா குடுத்தது. நான்தான் சைக்கிள்ல கொண்டு போனேன்." கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த வரிசைக்கு நான் விலை சொல்றதில்ல சார். தட்டிப் பார்க்கறதும் இல்ல. உடைக்கறதுக்குத்தானே போகுது. அவங்களா என்ன குடுக்கறாங்களோ அது. நல்லதுக்கு வர்றவங்க நாலு வார்த்தை பேசி, பேரம் பேசி, சிரிச்சு வாங்கிட்டுப் போகட்டும். அதான் வாசல்லயே 'எதுக்கு'ன்னு கேட்டுடறது. தப்பா நெனைச்சுக்காதீங்க."

நான் செல்போனை எடுத்து முந்நூற்று ஐம்பது என்று அழுத்தினேன்.

"முந்நூறு போடுங்க சார். பிரிமணை சும்மா."

"இருக்கட்டும் ஐயா."

"அட, நீங்க தண்ணிக்கு வாங்கறீங்க. பேரம் பேசித்தான் வாங்கணும்" என்று ஐம்பது ரூபாயை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார்.

★

ஆட்டோவில் பானையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கர்ப்பிணியை ஏற்றி வந்த மாதிரி இறக்கி ஏற்றினார். எல்லா ஆட்டோக்காரர்களையும் இப்படி ஓட்டவைக்க ஒரு வழி தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு பானையோடு ஏறினால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஈஸிசேரை விட்டு எழுந்தே வந்துவிட்டார். பானையைத் தரையில் வைத்து, குனிந்து, நடுவிரலை மடக்கி ஒரு தட்டு.

ணங்!

எனக்கே கேட்டது, இந்தத் தடவை.

"நல்ல பானை" என்றார். பானையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். வாயைப் பார்த்தார். அடியைப் பார்த்தார். பிறகு, முப்பத்தேழு வருஷம் கணக்கு எழுதிய மனுஷராயிற்றே, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எவ்வளவு?"

"முந்நூத்தி அம்பது சொன்னார். முந்நூறுக்குக் குடுத்தார்."

"நீ எவ்வளவுக்குக் கேட்டே?"

"முந்நூத்தி அம்பதுக்கு."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிட்டே வந்து, பள்ளிக்கூட நாளில் ஜுரம் பார்ப்பாரே, அதே மாதிரி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"பேரம் பேசாமலா வாங்கினே? உடம்பு கிடம்பு சரியில்லையாடா?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, பானையை ஊறப்போட வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.